அயலாரின் வெறும் பாத்திரங்கள்

வாசகம்: 2 அரசர் 4: 1–7



நவெம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். 2ஆம் திகதி வந்ததும் நாம் குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குச் செல்கிறோம். புல்லைச் செருக்கி, கல்லறைக்கு வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். குருவானவர் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். இது நம் முன்னோர் நமக்குத் தந்து சென்ற நல்ல வழக்கம். மரித்தோருக்காக மன்றாடுவது பரிசுத்தமான செயல் என்பது திருச்சபையின் படிப்பினை.

ஆனால் நமது வடக்கிலும் கிழக்கிலும் நவெம்பர் மாதம் மாரி மழையின் மாதமுமாகும். நாம் ஏற்றிய திரியை அணைக்கும் அதே மழை, அக்கல்லறையில் துயில்பவர் விட்டுச் சென்ற வீட்டின் மேலும் பெய்கிறது. கல்லறைக்கு வெள்ளை அடித்த நாம், அந்த வீட்டின் கூரையை ஒரு தரமாவது அண்ணாந்து பார்த்தோமா? இந்தக் கேள்வியை முதலில் என்னிடமே நான் கேட்க வேண்டியவனாயிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. ஊரும் பேரும் வேண்டாம். அது ஒக்டோபர், செபமாலை மாதம். மாதாவின் சுரூபத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சென்று செபமாலை சொல்லும் வழக்கப்படி, அன்று மாலை ஒரு விதவைத் தாயின் வீட்டில் கூடியிருந்தோம். கணவர் திடீரென இறந்து 14 மாதங்கள். பிள்ளைகள் மூவர். மூன்றாம் காரணிக்கம் சொல்லும்போது மழை பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் ஓட்டுக்கூரை ஒழுகத் தொடங்கியது. அந்தத் தாய் சத்தமின்றி எழுந்து, குசினியிலிருந்து சட்டியும் வாளியும் கொண்டு வந்து, ஒழுக்குகளின் கீழ் ஒவ்வொன்றாக வைத்தார். எந்த ஒழுக்கு எங்கே விழும் என்பது அவருக்குப் பாடமாயிருந்தது. நாங்கள் கண்களை மூடிக்கொண்டு இன்னும் உரத்துச் செபித்தோம். முடிந்ததும் தேத்தண்ணீர் குடித்தோம். “இந்த முறை மழை நல்லாய்ப் பெய்யுது” என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பினோம்.

வழியில் ஒரு சிறுவன் தன் தாயிடம் கேட்டான்: “அம்மா, ஏன் மாதாவை மட்டும் நனையாத இடத்திலை வைச்சிருந்தவை?” தாய் “சும்மா வா” என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார். ஆனால் கேள்வி எங்கள் எல்லோருடைய காதிலும் விழுந்துவிட்டது. அந்த வீட்டில் நனையாத மூலை ஒன்றுதான் இருந்தது. அது பிள்ளைகள் படுத்துறங்கும் மூலை. அதை மாதாவுக்குக் கொடுத்துவிட்டு அன்றிரவு அந்தத் தாய் பிள்ளைகளை எங்கே படுக்க வைத்தாரோ!

உதவி அடுத்த வாரமே புறப்பட்டது. ஆனால் பிழையாகப் புறப்பட்டது. நல்ல மனமுள்ள நாலைந்து பேர் அளவு நாடாவுடன் போய், சுற்றிப் பார்த்து, தாங்களே தீர்மானித்தார்கள். முன் விறாந்தை பழுது, அதை இடித்துவிடலாம். பின்புறத்தில் ஓலையால் மூடிக் கிடக்கும் மரங்களைப் பலகைக்கு அறுக்கலாம். இப்படி அவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, அந்தத் தாய் விறாந்தைத் தூணைப் பிடித்தபடி நின்று அழுதார். “ஒன்றும் வேண்டாம், நீங்கள் போங்கோ” என்றார். அந்த விறாந்தையில்தான் கணவர் மாலை வேளைகளில் இருப்பார். அந்த மரங்களை அடுக்கியதும் அவருடைய கைதான். வந்தவர்களுக்குக் கோபம். “உதவ வந்தால் இப்படியா?” என்று திரும்பிவிட்டார்கள்.

பிறகு வந்தவர் ஒரு வயதான ஓடாவியார். இறந்தவருடன் பல வீடுகளுக்குக் கூரை போட்டவர். தனியே, வெறுங்கையுடன் வந்து, படியில் இருந்து, ஒரேயொரு கேள்வி கேட்டார்: “பிள்ளை, அவர் இந்த மரங்களை என்ன செய்ய நினைச்சு வாங்கி வைச்சவர்?”

அந்தத் தாய் உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டு வந்தார். “அண்ணை, அவர் எல்லாத்தையும் இதிலை கீறி வைச்சிருக்கிறார்.” பின்னறைக்குக் கூரை மாற்றுவதற்கான கணக்கு அதில் இருந்தது. எத்தனை கைமரம், எத்தனை சிலாகை, எத்தனை ஓடு எல்லாம் இருந்தன. ஒரு மனிதன் தன் பிள்ளைகளுக்காகக் கண்ட கனவு, பென்சிலால் கீறப்பட்டிருந்தது. 14 மாதமாக அந்தக் கொப்பியை யாரும் கேட்கவில்லை.

தீர்க்கதரிசியின் கேள்வி

அன்பர்களே, இப்பொழுது வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். அரசர்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசேயு இறைவாக்கினரிடம் வந்து முறையிடுகிறாள். கணவன் தெய்வபயமுள்ளவன், இறந்துவிட்டான். கடன் இருக்கிறது. கடன்காரன் அவளுடைய இரு புதல்வர்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். கணவனை இழந்தவள் வீட்டையும் இழக்கும் நிலை; பிள்ளைகளையும் இழக்கும் நிலை.

எலிசேயு என்ன செய்தார்? தன் திட்டத்தை அவள்மேல் சுமத்தவில்லை. உனக்கு நான் செய்ய வேண்டியது என்ன, உன் வீட்டில் இருப்பது என்ன என்று கேட்டார். இல்லாததை அல்ல, இருப்பதைக் கேட்டார். அவள், ஒரு கலயம் எண்ணெயைத் தவிர வேறொன்றுமில்லை என்றாள். அந்த ஒரு கலயத்திலிருந்துதான் புதுமை தொடங்கியது.

ஓடாவியாரும் வேதாகமம் படித்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். ஆனாலும் எலிசேயு கேட்ட கேள்வியையே கேட்டார். துக்கத்திலிருக்கும் வீட்டில் முதலில் எடுக்க வேண்டிய ஆயுதம் சம்மட்டியல்ல, செவி. இடிக்கலாமா, எதை வைத்துக்கொள்ளலாம், எது எங்கே வரவேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை அந்த வீட்டுக்காரிக்கே உண்டு. உதவி பெறுகிறவள் என்பதற்காக அவள் தன் வீட்டில் விருந்தாளி ஆகிவிடுவதில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்த பின், வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியுடன் நடந்த பெரும் வீடமைப்புத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2012இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே முன்னின்று கட்டினார்கள். கணவனை இழந்த எத்தனையோ தாய்மார் அந்நாட்களில் அத்திவாரத்தின் ஆழம் அளக்கவும், மேசனிடம் கணக்குக் கேட்கவும், மணலின் தரம் பார்க்கவும் பழகிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இன்னும் நினைப்பவர்கள் நாம்தான்.

நாம் நினைத்த தாயும் கணவரின் கொப்பியை அப்படியே பின்பற்றவில்லை. ஓரிடத்தில் மாற்றினார். “அண்ணை, குசினி யன்னலைக் கிழக்காலை வைப்பம். பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வாறது எனக்குத் தெரியவேணும்” என்றார். இதுவரை வாசலைப் பார்த்திருக்க வீட்டில் இருவர் இருந்தார்கள். இனி ஒருவர்தான். அந்த யன்னல் வைக்கப்பட்ட அன்றுதான் அவர் தன் விதவை நிலையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன்.

வெறும் பாத்திரங்கள் போதும்

எலிசேயு அடுத்துச் சொன்னது, அயலார் எல்லாரிடமும் வெறும் பாத்திரங்களை இரவல் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்பது. இதைக் கவனியுங்கள். அயலார் எண்ணெய் கொடுக்கவில்லை. ஒருவேளை அவர்களிடமும் எண்ணெய் இருந்திருக்காது. அவர்கள் கொடுத்தது வெறும் பாத்திரம். அதை இறைவன் நிரப்பினார். கடைசிப் பாத்திரம் நிறைந்ததும் எண்ணெய் நின்றது. அப்படியானால் அந்தப் புதுமையின் அளவைத் தீர்மானித்தது எது? அயலார் கொடுத்த பாத்திரங்களின் எண்ணிக்கை. இன்னும் பத்து வீட்டார் தங்கள் பானையைக் கொடுத்திருந்தால், இன்னும் பத்துப் பானை எண்ணெய் அந்த விதவைக்குக் கிடைத்திருக்கும்!

“என்னிடம் என்ன இருக்கிறது கொடுக்க?” என்று சொல்லும் சகோதரனே, உன்னிடம் ஒரு சனிக்கிழமை இருக்கிறதா? அது ஒரு வெறும் பாத்திரம். ஏணி இருக்கிறதா? தள்ளுவண்டி இருக்கிறதா? ஓடு கழுவத் தெரிந்த இரு கைகள் இருக்கின்றனவா? அவையும் பாத்திரங்களே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத விலைக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. காசால் முடியாத காலத்தில் கையால் முடியும்.

இது நமக்குப் புதிதுமல்ல. ஓலை வீடுகள் நிறைந்திருந்த காலத்தில், மாரிக்கு முன் வீடு வேய்வது ஒரு வீட்டுக்காரரின் தனி வேலையாக இருக்கவில்லை. இனசனமும் அயலும் சேர்ந்து ஓலை ஏற்றும், வரிந்து கட்டும். வீட்டுக்காரி கூழ் காய்ச்சுவாள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. கூலிக் கணக்கு இல்லை. “சிரமதானம்” என்ற சொல்லை நாடு முழுவதும் அறியும். 1958இல் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் ஓர் ஏழைக் கிராமத்துக்குச் சென்று தொடங்கிய சர்வோதய இயக்கம் அச்சொல்லைப் பரப்பியது. சிரமம் என்றால் உழைப்பு, தானம் என்றால் கொடை. வியர்வையையே காணிக்கையாகக் கொடுப்பது. பௌத்த சகோதரர் ஒருவர் தொடங்கிய இந்த நற்பணியைக் கண்டு, சிலுவை சுமந்தவரின் சீடர்களாகிய நாம் பின்நிற்கலாமா?

யெருசலேமின் மதிலை நெகேமியா கட்டி எழுப்பிய வரலாற்றில், யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது. தட்டாரும் வாசனைத் திரவியம் செய்பவரும் குருக்களும் கல் தூக்கினார்கள். சல்லூம் என்பவரும் அவருடைய புதல்வியரும் கட்டினார்கள் என்று 3ஆம் அதிகாரம் 12ஆம் வசனம் சொல்கிறது. பெண் பிள்ளைகளும் கட்டினார்கள்! நம் ஓடாவியாரின் அழைப்பைக் கேட்டு வந்தவர்களிலும் பாடகர் குழுப் பெண் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். பழைய ஓடுகளைக் கழற்றி, பாசி உரஞ்சிக் கழுவி, வெடித்ததைத் தட்டிப் பார்த்துப் பிரித்து அடுக்கியவர்கள் அவர்களே. பத்தில் ஏழு ஓடு திரும்பவும் உதவியது.

கதவைச் சாத்திக்கொள்

எலிசேயு சொன்ன மூன்றாவது வார்த்தை, நீயும் உன் புதல்வரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயை ஊற்றுங்கள் என்பது. ஏன் கதவைச் சாத்த வேண்டும்? புதுமையை ஊர் கூடிப் பார்த்தால் என்ன? பாத்திரம் கொடுத்தவர்களுக்காவது காட்டக்கூடாதா? இல்லை. அவளுடைய வறுமை வேடிக்கைப் பொருள் அல்ல. தேவனுடைய இரக்கம் அவளைச் சந்திக்கும்போது அவளுடைய மானம் மூடப்பட்டிருக்க வேண்டும்.

இக்காலத்தில் நாம் கதவைத் திறந்து வைக்கிறோம். ஒரு மூடை அரிசி கொடுத்தால் ஒரு படம். ஒரு தகரம் கொடுத்தால் ஒரு பதாகை. தாயையும் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திக் கையில் பொதியைக் கொடுத்துப் படம் எடுக்கிறோம். அப்படத்தை அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழன் பார்ப்பான் என்று ஒரு நிமிடம் நினைத்தோமா? வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று நமதாண்டவர் மலைப்பொழிவில் போதித்தது இதற்காகவே.

இன்னொரு கதவும் உண்டு. அது ஊர் வாய். ஆண்கள் விதவை வீட்டிற்கு வந்து போகிறார்கள் என்றால், மழை பெய்தபோது திறவாத வாய்கள் எல்லாம் திறக்கும். இதை அறிந்த ஓடாவியார் முதல் நாளே ஒழுங்கு செய்தார். அயலிலுள்ள மூதாட்டியர் இருவர் முறை வைத்து விறாந்தையில் இருந்தார்கள். வேலைக்கு வந்தவர் எவரும் தனியே வரவில்லை. பொழுது படுமுன் எல்லாரும் போய்விட்டார்கள். பேசுகிறவர்களின் நாவை நம்மால் கட்ட முடியாது. ஆனால் ஒரு தாயின் நற்பெயருக்கு வேலி அடைக்க நம்மால் முடியும். 1833இல் பாரிஸ் நகரில், 20 வயது மாணவராகிய பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் வின்சென்ட் டி போல் சபையைத் தொடங்கியபோது, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சென்று சந்திப்பதைத் தங்கள் முதற் பணியாகக் கொண்டனர். இருவர் இருவராகச் செல்லும் வழக்கம் அச்சபையில் இன்றும் இருக்கிறது. அன்புக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

வீடுகளை விழுங்குகிறவர்கள்

மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில், நீண்ட செபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அடுத்த காட்சியில்தான் ஏழை விதவை இரண்டு செப்புக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறாள். வீடு எப்படி விழுங்கப்படுகிறது? அபகரித்தால் மட்டுமல்ல. கணவர் இருந்தபோது வாங்கிய கடனுக்கு வட்டிமேல் வட்டி ஏற்றுவதாலும் விழுங்கப்படுகிறது. காணி உறுதியை “நான் பத்திரமாய் வைத்திருக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடாத உறவினராலும் விழுங்கப்படுகிறது. ஒழுகுவதைக் கண்டும் காணாமல் நீண்ட செபம் சொல்லுகிற நம்மாலும் விழுங்கப்படுகிறது. அன்று கண்களை மூடிக்கொண்டிருந்த என்னை இந்த வசனம் இன்றும் குத்துகிறது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்தில் சந்திப்பதே மாசற்ற பக்தி என்று புனித யாகப்பர் எழுதியிருப்பதை நாம் அறிவோம் (1:27). செபமாலையை விடச் சொல்லவில்லை. செபமாலை சொன்ன பின் ஏணியையும் எடுங்கள் என்கிறேன்.

எலிசேயு கடைசியாகச் சொன்னது, எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்பது. உதவி பாதியில் நிற்கவில்லை. கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்னாரல்லவா (லூக்காஸ் 14:28)? உற்சாகத்தில் கூரையைக் கழற்றிவிட்டு, அடுத்த வாரம் வராமல் விட்டால், அந்தக் குடும்பத்தை முன்னிலும் கேடான நிலையில் விட்டவர்களாவோம். எனவே அளந்து தொடங்குங்கள். மழைக்கு முன் கூரை. கறையான் தின்ற மரத்தை மட்டும் மாற்றுங்கள். கூரை முடிந்தபின் சுவர். சுவர் முடிந்தபின் நிலம். முழு வீடும் முடியாதென்றால் ஓர் அறையை முடித்துக் கொடுங்கள்.

வேலை முடிந்த பின்னும் போங்கள். இதைப் பெரிதாகச் சொல்ல விரும்புகிறேன். சீமெந்து பூசியவர்களுக்குத் தெரியும்: பூசிய அன்று வேலை முடிவதில்லை. ஒரு கிழமையாவது தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். வெய்யிலில் விட்டுவிட்டால் நல்ல பூச்சும் வெடிக்கும். துக்க வீடும் அப்படியே. எட்டுச் செலவு வரை கூட்டம். முப்பத்தோராம் நாள் வரை வரவு போக்கு. அதன்பின் வாசலில் ஒருவருமில்லை. சுத்தியல் சத்தம் கேட்ட நாட்களில் அந்தத் தாய் சிரித்தார். வேலை முடிந்து எல்லாரும் போன இரவில்தான் அதிகம் அழுதார் என்று பின்பு சொன்னார். புதிய கூரையைக் காட்டுவதற்கு அவர் இல்லையே என்று அழுதாராம். ஆகவே, கூரை போட்ட கைகளே, ஒரு மாதம் கழித்துக் கதவைத் தட்டுங்கள். வேலை ஒன்றும் இல்லாமலே போங்கள்.

கணவனை இழந்த சகோதரியே, உனக்கும் ஒரு வார்த்தை. உதவி கேட்பது வெட்கமல்ல. எலிசேயுவிடம் வந்தவள் வாய் திறந்து முறையிட்டாள். வீடு வீடாய்ப் போய்ப் பாத்திரம் கேட்டாள். உன் வீடு ஒழுகுகிறதென்று நீ சொன்னால், உன் கணவரின் பெயருக்கு இழுக்கு வராது. மனைவியை இழந்த சகோதரனே, உன்னையும் மறக்கவில்லை. உன் கூரை ஒழுகாமல் இருக்கலாம். ஆனால் அடுப்பு எரிகிறதா? மகளின் தலையை யார் வாரி விடுகிறார்கள்? ஆண்மகன் கேட்கக்கூடாதென்று நீ வாய் மூடியிருக்கிறாய். நீயும் கேள்.

புனித சூசையப்பர் ஆண்டவர் போதிக்கத் தொடங்குமுன்பே மரித்தார் என்பது திருச்சபையின் பழமையான நம்பிக்கை. ஆகவே நாசரேத்து வீட்டிலும் ஒரு நாள் தச்சுப் பட்டறை மௌனமாயிற்று. மரியன்னையும் ஒரு விதவையே. சிலுவையில் தொங்கியபோது நம் ஆண்டவர் தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். அந்நேரம் முதல் அச்சீடர் அவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார் என்று அருளப்பர் எழுதுகிறார் (19:27). உலகத்தை மீட்கும் வேளையிலும், விதவைத் தாய்க்கு ஒரு கூரை வேண்டுமென்று நினைத்தவர் நம் ஆண்டவர்.

மறு வருடம் ஒக்டோபரில் அதே வீட்டில் மீண்டும் செபமாலை. அன்றும் மழை. யாரும் கண்களை மூடவில்லை. எல்லாரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. மாதாவின் சுரூபம் இம்முறை நடு வீட்டில் இருந்தது. மூலையில் பிள்ளைகளின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஓடாவியார் பின் வரிசையில் இருந்தார். காரணிக்கங்களுக்கிடையில் அவர் செபமாலையை விட்டு ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். ஆண்டவர் அதையும் செபமாக ஏற்றிருப்பார்.

அன்பு வாசகர்களே, இந்த மாதம் சேமக்காலையிலிருந்து திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். நீங்கள் செபித்த கல்லறைக்குரியவரின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். அண்ணாந்து பாருங்கள். பின், கேட்டுப் பாருங்கள். உங்கள் பாத்திரம் வெறுமையாயிருந்தாலும் கொண்டு செல்லுங்கள். நிரப்புகிறவர் ஆண்டவர்.